ஹரதத்தன் கட்டின காப்பு

யார் கட்டினதுன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான் குருக்களே. கட்டினவன் குத்துக்கல்லாட்டம் பக்கத்து ஊர்ல இருக்கும்போது நான் ஏன் இங்க வந்து உங்ககிட்ட கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன்னு தோணத்தான் செய்யும். சொல்றேன். ஆனா எனக்கு நேரமில்லை. எங்கம்மா கும்பகோணத்துல ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். நான் ஒரே பிள்ளை, கொள்ளி நான்தான் வைக்கணும். இந்த மஞ்சள் கயிறு கையில இருக்கற வரைக்கும் நான் சுடுகாட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாதாம். காப்புக் கட்டின கை கொள்ளி வைக்கக் கூடாது, முதல்ல போய் முறைப்படி அவிழ்த்துட்டு வாடான்னு எங்க தாய்மாமன் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுக்கிட்டு கத்தறார். அவ்வளவுதான் விஷயம். நீங்க அவிழ்த்துவிட்டா நான் கிளம்பிடுவேன்.

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, அதையும் சொல்லிடறேன். நான் இன்ஜினியர். கத்தரிக்கோலை எடுத்து ஒரு வெட்டு வெட்டினா ஆச்சு. ஏர்போர்ட்லேருந்து வர்ற வழியில கார்லயே எடுத்தேன். எங்க வீட்டுக்காரி வசுமதி கையைப் பிடிச்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சுட்டா. சரி, ஊருக்காக, பெத்தவளுக்காகன்னு இறங்கி வந்திருக்கேன். பயம்னு நினைச்சுடாதீங்க.

என் பேர் மாசிலாமணி. பூர்வீகம் நாச்சியார்கோயில் பக்கம். அமெரிக்கா போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒஹாயோவுல எங்க ஊர்ல ஒரு சிவன் கோயில் இருக்கு. இருக்குன்னு சொல்றதை விட நான் கட்டினேன்னு சொல்லணும். காசு நிறைய பேர் போட்டாங்க, அது வேற. அலைஞ்சது நான். கமிட்டிக்கு ஆரம்பத்துலேருந்து நான்தான் தலைவர். வருஷா வருஷம் தேர்தல் உண்டு. யாரும் எதிர்த்து நிக்கறதில்லை.

கோயில் கட்டறது சுலபம். கல்லு, சிமெண்டு, நாலு ஸ்தபதி. சாமி கூட சுலபம்தான். மரப்பெட்டியில படுத்துக்கிட்டு கப்பல்ல வந்துடுவார், விசா கேக்க மாட்டாங்க. குருக்களைக் கொண்டுவர்றதுதான் பிராணன் போற வேலை. மதப் பணியாளர் விசான்னு ஒண்ணு வெச்சிருக்கான் அங்க. பாதிரியார், இமாம், நம்ம குருக்கள், எல்லாருக்கும் ஒரே விசா. தற்காலிகம்தான். முதல்ல ரெண்டரை வருஷம், ஒழுங்கா இருந்தா இன்னொரு ரெண்டரை. அதுக்கப்புறம் ஊருக்குப் போ, இல்லேன்னா கோயில் கிரீன் கார்டுக்கு மனு போடணும். எல்லாத்துலயும் கையெழுத்துப் போடறது கோயில். கோயில்னா யாரு? நான்தானே. நான் பேனாவை மூடிட்டேன்னா அந்த ஆள் மறுநாள் அங்க நிக்க முடியாது. இதை நான் யார்கிட்டயும் மிரட்டலா சொன்னதே இல்லை. ஞாபகப்படுத்தியிருக்கேன், அவ்வளவுதான்.

ஹரதத்தனை நான்தான் தேடிப் பிடிச்சேன். உங்க ஆளாச்சேன்னு மனசுல வெச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். நான் போனப்போ விளக்குக்கு எண்ணெய் இல்லாத ஒரு கோயில்ல வௌவாலோட உட்கார்ந்திருந்தான். நல்லா மந்திரம் சொன்னான், கணீர்னு குரல், அதுல குறை சொல்ல மாட்டேன். அவனோட அப்பா, பெரிய குருக்கள், அப்பவே கண்ணு சரியா தெரியாது. என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு, "பிள்ளையாண்டானை உங்க கையில ஒப்படைக்கிறேன்"னார். "என் தம்பி மாதிரி பார்த்துக்கறேன்"னேன். அந்த இடத்துல அப்படித்தானே சொல்லணும்? வேற என்ன சொல்றது?

ஹரதத்தன்னு பேர் யார் வாயிலயும் நுழையலை. ஹரின்னு வெச்சோம். பெயர்ப் பலகையிலயும் அப்படியே போட்டோம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். பேர்ல என்ன இருக்கு? எனக்கே ஆபீஸ்ல மணின்னுதான் பேர்.

வேலை ஒண்ணும் மலையைப் பேர்க்கிற வேலை இல்லை. காலையில பூஜை, சாயந்திரம் பூஜை, சனி ஞாயிறுல அபிஷேகம். நடுவுல யாராவது புது கார் வாங்கினா எலுமிச்சம்பழம். மீதி நேரத்துல சும்மாதானே இருக்கான்? அதனால கேண்டீனுக்குப் புளியோதரை கிண்டச் சொன்னேன். கோயில் வேனை ஓட்டக் கத்துக்கிட்டான். பாத்ரூம் கழுவச் சொன்னதா வெளியில பேசிக்கிட்டாங்க. அது பொய். கழுவற ஆள் வராத நாள்லதான் கழுவினான். தங்கறதுக்குக் கோயிலோட கீழ்த்தளத்துல ரூம் கொடுத்தேன், சமையல்காரரோட சேர்ந்து. ஜன்னல் கிடையாது, ஆனா ஹீட்டர் உண்டு. இங்க அவன் வீட்டுல ஹீட்டர் இருந்துச்சா?

குளிர்காலத்துல பனி கொட்டும் பாருங்க, முழங்கால் வரைக்கும் கிடக்கும். வாசல்லேருந்து கார் நிறுத்தற இடம் வரைக்கும் அள்ளிக் கொட்டணும். அள்ளறதுக்கு ஆள் வெச்சா கொள்ளைக் காசு. இவன்தான் அள்ளுவான், வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டு, மேல என் பழைய கோட்டு. என் கோட்டு குருக்களே, நானே கொடுத்தேன். ஒருநாள் அப்படி அள்ளிக்கிட்டு இருக்கும்போது குடியேற்ற ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி திடுதிப்புனு வந்து நிக்கறான். அப்படித்தான் வருவானுங்க, சொல்லாம கொள்ளாம. விசா வாங்கின குருக்கள் நிஜமாவே பூஜைதான் பண்றானா, இல்லை கூலி வேலை பார்க்கறானான்னு சோதிக்கறதுக்கு. கோயிலுக்கே சீல் வெச்சாலும் வெச்சுடுவான். "நீ என்ன வேலை பண்றே இங்க?"ன்னு இவன்கிட்ட கேக்கறான். இவன் மண்வெட்டியை ஊன்றிக்கிட்டு, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, "கோயில் பாதையைச் சுத்தம் பண்றது எங்க மதத்துல பூஜைக்குச் சமம், பெரிய மகான்களே இதைப் பண்ணியிருக்காங்க, உழவாரப் பணின்னு பேர்"னு சொன்னான். அதிகாரி எழுதிக்கிட்டு, கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

காப்பாத்திட்டான்னு சமையல்காரர் இவனைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினார். என்ன காப்பாத்திட்டான்? இருக்கறதைச் சொன்னான். அதுக்கெல்லாம் ஒரு நன்றியா? ஆனா பாருங்க, அன்னைக்கே சாயந்திரம் வந்து நிக்கறான். "சார், ஆத்துக்காரியையும் குழந்தையையும் அழைச்சுக்கலாமா?" அதுக்கும் விசா உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க வெக்கிறது? கீழ்த்தளத்துலயா? அடுத்த வருஷம் பார்க்கலாம்னேன். அடுத்த வருஷமும் கேட்டான். அதுக்கடுத்த வருஷமும் கேட்டான். ஒரு மனுஷனுக்கு ஒரு தடவை சொன்னா விளங்க வேண்டாமா?

சரி, இந்தக் கயிறுக்கு வர்றேன்.

போன ஆனியில கும்பாபிஷேகம் வெச்சோம். அவனோட கிரீன் கார்டு மனுவும் அப்பத்தான் ஓடிக்கிட்டிருந்தது. நான்தான் போட்டேன், மறந்துடாதீங்க. அந்த மனு ஓடும்போது அனுமதி வாங்காம நாட்டை விட்டு வெளியில கால் வெச்சா மனு குப்பைக்குப் போயிடும். அதனால பாஸ்போர்ட்டை வாங்கி என் பேங்க் லாக்கர்ல வெச்சிருந்தேன். பத்திரத்துக்குத்தான். கீழ்த்தளத்துல ஈரம் வேற.

உதவிக்கு வெளியூர்க் கோயில்கள்லேருந்து நாலு குருக்கள் வந்தாங்க. தலைமை இவன்தான். யாகசாலை பிரமாதமா போட்டிருந்தோம். முதல்நாள் இவன் மத்த குருக்களுக்கெல்லாம் காப்புக் கட்டிக்கிட்டிருந்தான். நான் போய் கையை நீட்டினேன். தலைவன் கையில காப்பு இல்லேன்னா போட்டோவுல எப்படி இருக்கும்? இவன் தயங்கறான். "சார், இது அலங்காரம் இல்லை. கட்டிண்டா எல்லை தாண்டப்படாது. இழவு வீட்டுக்குப் போகப்படாது. காப்புக் கட்டினவாளுக்கு..." அப்படின்னு இன்னும் ஏதோ சொல்ல வந்தான். வீடியோக்காரர் காத்துக்கிட்டிருக்கார், பாடம் எடுக்காம கட்டுய்யான்னேன். கட்டினான். எத்தனை முடிச்சு போட்டான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாக் குருக்கள் போனையும் நான் வாங்கி ஒரு டப்பாவுல போட்டு ஆபீஸ் ரூம்ல பூட்டினேன். நேரடி ஒளிபரப்பு நடக்கும்போது யாகசாலையில போன் கிணுகிணுத்தா நல்லாவா இருக்கும்? மறுநாள் கோயில் நம்பருக்கு ஒரு போன். அது என் செல்லுக்குத்தான் வரும். ஹரதத்தனோட தம்பி, ஊர்லேருந்து. "அப்பாவுக்கு ரொம்ப முடியலை. நினைவு இருக்கு. அண்ணா குரலை ஒரு தடவை கேக்கணும்னு சொல்லிண்டே இருக்கார். ரெண்டு நிமிஷம் கூப்பிடச் சொல்லுங்கோ." யாகசாலையில இருக்கார், சொல்றேன்னேன். அது பொய்யில்லை. எப்ப சொல்றேன்னு நான் சொல்லலையே.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. சொன்னா என்ன ஆகும்? போன்ல அழுவான். அழுதவன் திரும்ப வந்து உட்கார்ந்து மந்திரம் சொல்வானா? ரெண்டு வருஷமா திட்டம் போட்ட கும்பாபிஷேகம். மேயர் வர்றேன்னு சொல்லியிருக்கார். நான் பேசாம இருந்தேன்.

அதுக்கு மறுநாள் விடியக்காலையில மறுபடியும் தம்பி. "ஆயிடுத்து"ன்னு ஒரே வார்த்தை. எனக்கு அப்படியே பகீர்னுச்சு. செத்தவருக்காக இல்லை, அவருக்கு வயசாச்சு. தீட்டு! பங்காளி செத்தாலே கோயில் படி மிதிக்கக் கூடாதுன்னு வாசலுக்கு வெளியில நிக்கற ஜாதி நாம. பெத்த அப்பன் செத்துப் போன குருக்கள் எப்படிக் கலசத்தைத் தொடுவான்? தீட்டுங்கறது காதுல விழுந்த நேரத்துலேருந்துதான் ஆரம்பம்னு எங்க மாமா சின்ன வயசுல சொல்லிக் கேட்டிருக்கேன். வெளியூர்ல செத்தா, சேதி எப்ப வருதோ அப்பத்தான் தீட்டு. சேதி வரலையா? தீட்டே இல்லை. சாஸ்திரமே வழி விட்டிருக்கும்போது நான் ஏன் அடைக்கணும்? என் காதோட நிறுத்திக்கிட்டேன். கமிட்டியில கூட ஒரு ஆள்கிட்ட மூச்சு விடலை. தலைவன்னா பாரத்தைத் தனியாத்தான் சுமக்கணும்.

தம்பிக்காரன் விடலை. "அண்ணாதான் மூத்தவர். வர முடியாதுன்னா நான் கொள்ளி வெக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கோ, அவர் வாயால உத்தரவு வேணும்"னு தொணதொணக்கறான். உங்களை வெச்சிடச் சொல்லிட்டார்னு நானே சொல்லிட்டேன். ஒரு உடம்பை எவ்வளவு நேரம் போட்டு வெச்சிருக்கறது? என்ன இருந்தாலும் நல்லதுதானே பண்ணினேன்?

கும்பாபிஷேகம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. கோபுரத்துல இவன் கலசத் தண்ணியை ஊத்தும்போது ஜனங்க அழுதாங்க குருக்களே. நானே அழுதேன். அப்பன் சாம்பலானது தெரியாம என்ன அழகா ஊத்தறான்!

முறைப்படி அதுக்கப்புறம் காப்பு அவிழ்க்கணுமாம். மேயருக்கு வேற ஒரு கூட்டம் இருந்துச்சு, கிளம்பற அவசரம். அதனால பாராட்டு விழாவை முன்னாடி தள்ளினேன், காப்பு அப்புறம் அவிழ்த்துக்கலாம்னு. மேடையில எல்லாருக்கும் சால்வை. ஹரதத்தனுக்கு நானே போர்த்தினேன், நல்ல பட்டு. அப்பத்தான் எனக்கு மனசுல பட்டுச்சு. இந்த ஆளோட தியாகத்தை ஜனங்க தெரிஞ்சுக்க வேண்டாமா? மைக்கை வாங்கினேன். "அன்பர்களே, நம்ம ஹரி குருக்களோட தகப்பனார் முந்தாநாள் சிவலோகப் பதவி அடைஞ்சுட்டார். அந்தத் துக்கத்தையும் தாண்டி இந்தக் கும்பாபிஷேகம் நடந்திருக்குன்னா, அது ஈஸ்வரன் நமக்குக் கொடுத்த பாக்கியம்"னேன். இங்கிலீஷ்லயும் சொன்னேன், மேயருக்காக. எழுநூறு பேர் எழுந்து நின்னாங்க. மௌன அஞ்சலி. எந்தக் கோயில்ல குருக்களோட அப்பனுக்கு மேயர் எழுந்து நின்னிருக்கார்? சொல்லுங்க.

நன்றி சொல்வான்னு பார்த்தேன். அவன் சால்வையை எடுத்தான், நாலா மடிச்சான், மேயர் நாற்காலியில வெச்சான். மேயருக்குச் சங்கடமா போயிடுச்சு. இறங்கி என் பக்கத்துல வந்து, சத்தம் போடாமத்தான், என்ன சொன்னான் தெரியுமா? "காப்புக் கட்டினவனுக்குத் தீட்டு கிடையாது சார். நீங்க சொல்லியிருந்தாலும் நான் யாகசாலையை விட்டு எழுந்திருக்க மாட்டேன், எழுந்திருக்கவும் முடியாது. அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவ்வளவுதான்."

இது எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க குருக்களே, எனக்கு எப்படித் தெரியும்? சாஸ்திரம் படிச்சவன் அவன். இப்படி ஒரு சட்டம் இருக்குன்னா முன்கூட்டியே சொல்லி வெக்க வேண்டாமா? தப்பு யார் பேர்ல? வசுமதி கூட அன்னைக்குக் காரை ஓட்டிக்கிட்டே, "எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டறவங்களுக்கே இது தெரியுமே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னா. எல்லாரும் அப்புறம் பேசறதுல கெட்டிக்காரங்க.

அவன் நேரா சந்நிதிக்குப் போனான். சாமி கால்ல தன் காப்பை அவிழ்த்து வெச்சான். பின்னாடி போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்து தலையோட தண்ணியை விட்டுக்கிட்டான். கூட வந்த நாலு பேரும் தங்களுதை அவிழ்த்துட்டு அவன் பின்னாலயே நின்னானுங்க. நான் கையை நீட்டிக்கிட்டுப் போறேன், என்னுதை அவிழ்க்கலையான்னு. "எனக்குத் தீட்டு வந்துடுத்து சார், இனிமே நான் தொடப்படாது"ன்னான். மத்தவனுங்களைப் பார்த்தேன். கட்டினவர் இருக்கும்போது நாங்க தொட மாட்டோம்னுட்டானுங்க. கூட்டு சேர்ந்துட்டானுங்க. அப்புறம் அமெரிக்காவுல எந்தக் கோயிலுக்குப் போனாலும் இதே பாட்டு. உங்க ஆளுங்களுக்குள்ள வாட்ஸ்அப்பு இருக்கு போலிருக்கு, நான் வாசல்ல காரை நிறுத்தறதுக்குள்ள உள்ள சேதி போயிடுது.

திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கேட்டான். நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "ஹரி, போனா போனதுதான். கிரீன் கார்டு போச்சு. உன் பெண்டாட்டி பிள்ளையை நினைச்சுப் பாரு. காரியம் தம்பி பண்ணட்டும். நீ இங்கேயே ஆத்தங்கரையில பிண்டம் போடு, நான் வேன் அனுப்பறேன்"னேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! அவன் சொல்றான், "அந்த மனு உங்க கோயிலோட பேப்பர் சார். நீங்களே வெச்சுக்கோங்கோ." லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. போயிட்டான். அஞ்சு வருஷத்தை எச்சில் இலை மாதிரி வழிச்சுப் போட்டுட்டு ஒரு பையோட போயிட்டான். அமெரிக்கா வேணாம்னு ஒருத்தன் சொல்வானா? பைத்தியம்தான் சொல்லும்.

எட்டு மாசம் ஆச்சு. கோயில்ல பூஜைக்கு ஆள் இல்லை. புது விசாவுக்கு மனு போட்டா, முன்னாடி இருந்தவர் ஏன் போனார்னு கேக்கறான். கூட்டம் குறைஞ்சுடுச்சு. அதுக்கும் இந்தக் கயிறுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டதுக்கும் சம்பந்தமில்லை. அம்மா குளியலறையில விழுந்ததுக்கும் சம்பந்தமில்லை. வசுமதிதான் எல்லாத்தையும் முடிச்சு போடறா. கறி மீன் கிடையாது எனக்கு, ராத்திரி குடிக்கிற ஒரு வாய் விஸ்கி கிடையாது, அலமாரியைப் பூட்டிட்டா. எல்லை தாண்டக் கூடாதுன்னானே, கடலையே தாண்டி வந்துட்டேன். என்ன ஆயிடுச்சு? ஒண்ணும் ஆகலை.

இன்னிக்குக் காலையில ஏர்போர்ட்லேருந்து நேரா அவன் வீட்டுக்குத்தான் போனேன். கௌரவம் பார்க்கலை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே போனேன்னா பார்த்துக்கோங்க. அதே வௌவால் கோயில், அதே ஓட்டு வீடு. திண்டாட்டம்தான். ஆனா முகத்துல கொழுப்பு குறையலை. "வாங்கோ சார்"னு நாற்காலி போட்டான். தண்ணி கொண்டுவந்தான். அம்மா விஷயத்தைச் சொன்னேன். அவன் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "அம்மாவோட பேசினேளா?" எங்க பேசறது? இங்க வந்துட்டேனேன்னேன். கையை நீட்டினேன். "அப்பாவோட வருஷம் இன்னும் முடியலை சார். தலைத் திவசம் ஆகிற வரைக்கும் காப்புக் கட்டறதில்லை, அவிழ்க்கறதில்லைன்னு வெச்சிருக்கேன். உங்க மேல கோபத்துல சொல்லலை"ங்கறான். கோபம் இல்லையாம்! அப்புறம் அவனேதான் உங்க பேரைச் சொன்னான். "அவர்கிட்ட போங்கோ, நான் சொன்னேன்னு சொல்லுங்கோ, பண்ணி வெப்பார். முதல்ல போய் அம்மாவைப் பார்த்துட்டுப் போங்கோ"ன்னான். எனக்கு யோசனை சொல்றான் பாருங்க, நான் கோட்டு வாங்கிக் கொடுத்த ஆள். தானே அவிழ்த்தா குறைஞ்சா போயிடுவான்? வஞ்சம். வேற ஒண்ணுமில்லை, வஞ்சம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், போகலைன்னு இல்லை. அங்க வாசல்லயே மாமா மடக்கிட்டார், அதான் சொன்னேனே. மேல போகவே விடலை. சரி, நான் உடனே ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கேன். வசுமதியை மேல அனுப்பி அம்மா பக்கத்துல உட்கார வெச்சுட்டு, நான் அவிழ்த்துட்டு வர்ற வரைக்கும் என்ன நடந்தாலும் என் காதுக்கு வரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். போனை அணைச்சுட்டேன். கும்பாபிஷேகம் முடிஞ்ச காப்பு தீட்டைத் தடுக்காதாம், சேதி காதுல விழுந்தா எந்தக் குருக்களும் என்னைத் தொட்டு அவிழ்க்க மாட்டார், கொள்ளி என் கையை விட்டுப் போயிடும், சித்தப்பா பையன் வெப்பான். அவிழ்த்த பிறகு விழுந்தா நானே வெக்கலாம். சரிதானே? எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கேன்.

இப்ப சொல்லிட்டேன். அவிழ்க்கறீங்களா? சும்மா வேண்டாம். உங்களைப் பார்த்தா ஒழுங்கான ஆளா தெரியுது. எங்க கோயில்ல இடம் காலியாத்தான் இருக்கு. விசா பேப்பரை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வரலாம், முதல் வருஷமே. அந்த ஹரதத்தனுக்குக் கொடுக்காததை உங்களுக்குக் கொடுக்கறேன். என்ன சிரிக்கிறீங்க? வேண்டாமா? சரி, விசா வேண்டாம்னா விட்டுடுங்க. அவிழ்த்தாவது விடுங்க.

ஆங், இப்படி உட்காரட்டுமா? சாமியைப் பார்த்தா? சரி. மெதுவா. கயிறு ஊறி ஊறி இறுகிப் போச்சு. நான் சொன்னேனே, அந்த ஆள் முடிச்சு மேல முடிச்சா போட்டிருக்கான். ஒண்ணு வந்துடுச்சா? நல்லது. இன்னும் எத்தனை?

அதோ யாரு வாசல்ல? கலியமூர்த்தி மாதிரி இருக்கு. என் சித்தப்பா பையன்தான், வசுமதிக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருடான்னு விட்டுட்டு வந்தேன். இங்க எங்க வந்தான்? டேய் கலியா! உள்ள வாயேன்டா! குருக்கள் அவிழ்த்துக்கிட்டுதான் இருக்கார், வா!

வர மாட்டேங்கறான் பாருங்க. கோபுர வாசல்லயே நிக்கறான். படியைத் தாண்ட மாட்டேங்கறான். செருப்பு கூட கழட்டலை. சின்ன வயசுலேருந்தே மந்தம் அவன், கூப்பிட்டா கூப்பிட்ட இடத்துக்கு வரத் தெரியாது. டேய், ஏன்டா அங்கேயே நிக்கறே?

நீங்க ஏன் கையை எடுத்துட்டீங்க? ஏன் எழுந்துட்டீங்க குருக்களே? இன்னும் முடிச்சு இருக்கே. ஏன் தள்ளிப் போறீங்க, என்னைத் தொட்டா என்ன?

டேய் கலியா, வாயைத் திறக்காதே! ஒரு வார்த்தை பேசக் கூடாது! அங்கேயே நில்லு!

குருக்களே, நீங்களே சாட்சி. அவன் ஒண்ணும் சொல்லலை. அழறான், அவ்வளவுதான். அழறதெல்லாம் சேதி ஆகுமா? என் காதுல எதுவும் விழலை. ஒண்ணுமே விழலை. வாங்க, வந்து அவிழுங்க.